பானெட் ஸ்கூப் பொருத்தி என்ஜின் அறைச் சூட்டைக் குறைத்தல்: அளவெடுப்பதில் தொடங்கி முதல் மழை வரை

வடசென்னையில் காரின் என்ஜின் அறை கொதிப்பது பெரும்பாலும் வேகமாக ஓடும்போது அல்ல. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையை ஒட்டி, ஏ.சி. ஓடிக்கொண்டிருக்க, முதல் கியரில் அரை மணி நேரம் ஊர்ந்து செல்லும்போதுதான் அது கொதிக்கிறது. என்ஜின் அறையின் மூடியான பானெட்டில் ஓட்டை வெட்டி, அதன் மேல் பொருத்தும் காற்றுக் கூடுதான் பானெட் ஸ்கூப். ஆனால் கடைகளில் கிடைக்கும் பானெட் ஸ்கூப்களில் பெரும்பாலானவை முன்னோக்கி வாய் திறந்தவை. வண்டி வேகமாக ஓடினால் மட்டுமே அவற்றுக்குள் காற்று புகும். இந்த முரண்பாட்டைக் கவனிக்காமல் பானெட்டை வெட்டிவிட்டு, சூடு குறையவில்லையே என்று வருந்துபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் இடறுவது பெரும்பாலும் வரிசையில்தான். ஸ்கூப்பை வாங்கிவிட்டு இடம் தேடுகிறார்கள், வெட்டிவிட்டு அளவெடுக்கிறார்கள், பெயிண்ட் அடித்து முடித்த பிறகு மழைநீர் எங்கே விழும் என்று யோசிக்கிறார்கள். ஆகவே கீழே உள்ள படிகளை எண் வரிசையிலேயே செய்ய வேண்டுகிறேன். முதல் நான்கு படிகளில் பானெட்டில் ஒரு கீறல்கூட விழாது.

1. சூட்டின் காரணத்தை முதலில் பிரித்தறிதல்

டேஷ்போர்டில் கூலன்ட் முள் வழக்கமான இடத்தைத் தாண்டி ஏறுகிறது என்றால், அது கூலிங் அமைப்பின் பழுது. ஸ்கூப் அதைச் சரிசெய்யாது. கூலன்டின் வெப்பநிலையைத் தீர்மானிப்பவை தெர்மோஸ்டாட், ரேடியேட்டர், விசிறி, வாட்டர் பம்ப் ஆகியவையே. முள் சரியாக இருந்தும், நின்ற இடத்தில் ஏ.சி. குளிர்ச்சி இழக்கிறது, அணைத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் மீண்டும் ஸ்டார்ட் செய்தால் என்ஜின் திணறுகிறது, ஒயர்களின் மேலுறையும் பிளாஸ்டிக் கிளிப்புகளும் நொறுங்குகின்றன என்றால் மட்டுமே அறையில் தேங்கும் காற்றைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வெட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றில் முதலிடம் ஏ.சி. கன்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் உரியது. மணலி, எண்ணூர்ப் பக்கம் ஓடும் வண்டிகளில் சாம்பலும் லாரிப் புழுதியும் கடலோர ஈரமும் கலந்து தகட்டு இடுக்குகளில் சிமென்ட் போல இறுகிவிடுகின்றன. அழுத்தம் குறைந்த தண்ணீரை என்ஜின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி விட்டுக் கழுவ வேண்டும். முன்பக்கத்திலிருந்து பீய்ச்சினால் அழுக்கு இன்னும் ஆழத்துக்குப் போகும், மெல்லிய தகடுகளும் மடங்கும்.

அடுத்ததாக, விசிறி தன் எல்லா வேகங்களிலும் ஓடுகிறதா, அதைச் சுற்றிய கூடு உடையாமல் இருக்கிறதா, ரேடியேட்டரின் ஓரங்களை அடைக்கும் ஃபோம் பட்டைகள் இருக்கின்றனவா என்று பார்க்கவும். இந்தப் பட்டைகள் விபத்து வேலைக்குப் பிறகு பெரும்பாலும் திரும்ப வருவதில்லை. அவை இல்லாவிட்டால், விசிறி பின்னே தள்ளிய சூடான காற்று ஓரத்து இடைவெளி வழியாக முன்னே சுற்றி வந்து மறுபடியும் ரேடியேட்டருக்குள் நுழையும். நின்ற இடத்தில் ஏ.சி. தோற்பதற்கு இது மிகப் பொதுவான காரணம். சரிசெய்ய ஆகும் செலவோ அற்பம். சிலருடைய வேலை இந்தப் படியிலேயே முடிந்துவிடும்.

சூடான நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. அழுத்தத்தால் அடங்கியிருக்கும் கூலன்ட், மூடி தளர்ந்த கணமே கொதித்துச் சீறும்.

2. முன்கூட்டியே தேவைப்படுபவை

அளவெடுக்க: கே-வகை வெப்ப உணர்முனை இணைக்கக்கூடிய மல்டிமீட்டர், அதற்கு நான்கு உணர்முனைகள், மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் 5 மி.மீ. ஒளிபுகும் குழாய் ஆறு மீட்டர், ஒரு பிளாஸ்டிக் பாட்டில், நிறம் கலந்த தண்ணீர். வெட்ட: உலோக பிளேடு போட்ட ஜிக்சா, மாஸ்கிங் டேப், அரம், எபாக்ஸி பிரைமர், சீலன்ட். ஸ்கூப்பை இப்போது வாங்க வேண்டாம். ஐந்தாம் படி முடிந்த பிறகுதான் அதன் வடிவம் தெரியும்.

இவற்றோடு, பழைய பானெட் ஒன்று கிடைத்தால் வாங்கி வைப்பது நல்லது. புதுப்பேட்டையில் பொதுவாக ஓடும் மாடல்களுக்குப் பழைய பானெட் தேடிப் பிடித்துவிடலாம். வெட்டுவதை அதில் வெட்டினால், வண்டியோடு வந்த பானெட் முழுதாக இருக்கும், விற்கும்போதும் மாட்டிக்கொள்ளலாம்.

சட்டத்தையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடைசெய்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. எனவே உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகே ஆறாம் படியைத் தாண்டவும். எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போகும் மஞ்சள் பலகை வண்டிகளுக்கு இதை இரட்டிப்பாகச் சொல்கிறேன்.

3. நான்கு இடங்களில் வெப்பத்தை அளத்தல்

உணர்முனைகளை விசிறிக்குப் பின்னால், ஏர் ஃபில்டரின் உறிஞ்சு வாய் அருகே, பேட்டரிக்கும் ஃப்யூஸ் பாக்ஸுக்கும் இடையில், என்ஜினின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலே பானெட்டின் அடித்தகட்டுக்குச் சற்றுக் கீழே என நான்கு இடங்களில் கட்டவும். உலோகத்தைத் தொடாமல் காற்றில் தொங்க வேண்டும். தொட்டால் காற்றின் சூட்டுக்குப் பதில் இரும்பின் சூட்டை அளப்பீர்கள்.

மூன்று நிலைகளில் குறிக்கவும்: ஒரே வேகத்தில் கால் மணி நேரம் ஓடிய பிறகு, நெரிசலில் ஊர்ந்த பிறகு, அணைத்த ஐந்தாவது, பத்தாவது, இருபதாவது நிமிடங்களில். அணைத்த பிறகு எடுக்கும் அளவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விசிறியும் கூலன்ட் ஓட்டமும் நின்றதும் மேனிஃபோல்டின் சூடு மேலெழுந்து அறை முழுவதும் பரவுவதால், உச்ச வெப்பம் பெரும்பாலும் அப்போதுதான் வருகிறது. மேலே ஒரு திறப்பு இருந்தால் அதிகப் பலன் கிடைப்பதும் அந்த நேரத்தில்தான்.

ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றின் வெப்பத்தையும் எழுதி, வித்தியாசத்தை மட்டும் ஒப்பிடவும். கத்திரி வெயில் நாட்களில் நண்பகலைத் தாண்டிக் கடற்காற்று இறங்கினால் தண்டையார்பேட்டையில் வெளிவெப்பம் சட்டென்று குறையும். காலை பதினொன்றுக்கு எடுத்த அளவையும் மாலை நான்குக்கு எடுத்த அளவையும் அப்படியே ஒப்பிட்டு, ஸ்கூப் அற்புதம் செய்துவிட்டதாக மகிழ்ந்தவர்கள் உண்டு.

4. அழுத்தத்தை அளந்து இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

இந்த வேலையின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. காற்று, அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு மட்டுமே ஓடும். பானெட்டின் மேற்பரப்பில் அழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. முன்விளிம்பைத் தாண்டி காற்று வளைந்து ஏறும் முன் பகுதியில் அது குறைவாகவும், கண்ணாடியின் அடிவாரத்தில் காற்று மோதித் தேங்கும் இடத்தில் அதிகமாகவும் இருக்கும்.

நம் ஊர் இளைஞர்களிடையே பரவியுள்ள ஒரு வழக்கத்தை இங்கே குறிப்பிட வேண்டும். பானெட்டின் கீல்களுக்கு அடியில் வாஷர் வைத்துப் பின்விளிம்பைத் தூக்கிவிடுகிறார்கள். நின்ற வண்டியில் அந்த இடுக்கு வழியாகச் சூடு வெளியேறுவது உண்மைதான். ஆனால் ஓடத் தொடங்கியதும் கண்ணாடி அடிவாரத்து அழுத்தம் காற்றை உள்ளே தள்ளத் தொடங்கும். வெளியேறும் நேரத்திலோ, அந்தச் சூடும் எண்ணெய் வாடையும் வைப்பருக்கு அடியில் உள்ள ஏ.சி. காற்று வாய்க்குள் போய்க் காருக்குள் வரும். மோதலில் பானெட் மடங்க வேண்டிய விதமும் மாறிப்போகும். வெறும் வாஷர்தானே என்று இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

அளக்கும் முறை எளிது. பாட்டிலில் நிறத் தண்ணீரை நிரப்பி, அதன் அடியிலிருந்து வரும் குழாயைச் சாய்வாக ஒரு பலகையில் ஒட்டவும். குழாயின் நீளத்தில் ஐந்து பங்குக்கு ஒரு பங்கு உயரம் என்ற சாய்வு வைத்தால், 2 மி.மீ. உயர வேறுபாடு 10 மி.மீ. நகர்வாகத் தெரியும். காற்றுப் புகாதபடி மூடிய பாட்டிலின் மேல் வாயிலிருந்து ஒரு குழாயை என்ஜின் அறைக்குள்ளும், சாய்ந்த குழாயின் மறுமுனையைப் பானெட்டின் மேற்பரப்புக்கும் கொண்டு செல்லவும். உள்ளே அழுத்தம் அதிகமானால் தண்ணீர் சாய்ந்த குழாயில் மேலேறும். அப்படி ஏறும் இடமே சூடு வெளியேறத் தகுந்த இடம்.

மேல்முனையைக் காற்றைப் பார்த்தபடி விட்டால், ஓடும் காற்று நேரே மோதும் அழுத்தமும் சேர்ந்து அளவு பொய்யாகும். நடுவில் துளையிட்ட தட்டையான பிளாஸ்டிக் வில்லையில் முனையைப் பொருத்தி, வில்லையைப் பரப்போடு படிய ஒட்ட வேண்டும். சாய்ந்த குழாய் காரின் குறுக்கே இருக்கட்டும். நீளவாக்கில் இருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் தண்ணீர் அலையும். படிப்பதற்கு இன்னொருவர் அருகில் உட்கார வேண்டும், ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்க்க வேண்டும். மீஞ்சூர் முனையில் வெளிவட்டச் சாலை விடிகாலையில் ஒரே சீரான வேகத்துக்கு இடம் தரும்.

பானெட்டில் ஒரு சாண் இடைவெளியில் கட்டம் போட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் 60 கி.மீ. வேகத்தில் அளந்து எழுதவும். சாம்பல் படிந்த பானெட்டில் டேப் ஒட்டாது, துடைத்துவிட்டு ஒட்டவும்.

5. வாய் முன்னோக்கியா, பின்னோக்கியா

ஓடும் காற்று நேரே மோதித் தரக்கூடிய முழு அழுத்தம், வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 80 கி.மீ. வேகத்தில் அது சுமார் 30 மி.மீ. தண்ணீர் உயரத்துக்குச் சமம்; 60 கி.மீ.யில் 17 மி.மீ.; 20 கி.மீ.யில் வெறும் 2 மி.மீ. மூலக்கடைச் சந்திப்பிலும் மின்ட் பக்கத்திலும் நாம் ஓட்டும் வேகத்தில், முன்வாய் ஸ்கூப்புக்குள் காற்றைத் தள்ள ஏறக்குறைய எந்த விசையும் இல்லை.

வேகமாக ஓடும்போதும் ஒரு சிக்கல் உண்டு. ரேடியேட்டர் வழியாகக் காற்று ஓட வேண்டுமானால் அதன் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில் அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். முன்வாய் ஸ்கூப் அறைக்குள் காற்றைத் திணித்து, அது வெளியேற வழியும் இல்லாவிட்டால், பின்பக்க அழுத்தம் கூடி ரேடியேட்டரின் ஓட்டமே குறையும்.

முன்வாய் சரியாக இருக்கும் இடம் ஒன்று உண்டு: டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், என்ஜினின் மேல் அமைந்துள்ள வண்டிகள். முதல் தலைமுறை ஃபார்ச்சூனரின் டீசல் என்ஜினில் பானெட் ஸ்கூப் இருப்பது அதற்காகவே. அங்கே ஸ்கூப்பின் அடிவாய் இன்டர்கூலரின் மேல் ஃபோம் பட்டையோடு படிந்து அமர வேண்டும். இல்லாவிட்டால் காற்று பக்கவாட்டில் சிதறும்.

மற்றவர்களுக்கு என் தீர்ப்பு இதுதான்: வாயைப் பின்னோக்கி வைக்கவும், பானெட்டின் முன் அல்லது நடுப் பகுதியில் வைக்கவும். ஓடும்போது ஸ்கூப்பின் முதுகைத் தாண்டும் காற்று அதன் பின்னே ஒரு குறை அழுத்தப் பகுதியை உண்டாக்கிச் சூட்டை உறிஞ்சும். ஊரும்போது விசிறி உள்ளே தள்ளும் காற்று அந்த வழியாக வெளியேறும். அணைத்த பிறகு சூடு தானாகவே மேலெழுந்து போகும். மூன்று நிலைகளிலும் வேலை செய்வது இந்த அமைப்பு ஒன்றே. பின்வாயைக் கண்ணாடியின் அடிவாரத்துக்கு அருகில் கொண்டு போனால் மட்டும் எல்லாம் தலைகீழாகும்.

இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டும் அடைத்த ஸ்கூப்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அவை அலங்காரம்.

6. அடியில் இருப்பதைப் பார்த்து வரைதல்

பானெட்டின் மேல்தகடு ஒரு மி.மீ.க்கும் குறைந்த தடிமன் உடையது. அதற்கு வலுவைத் தருவது அடியில் உள்ள விலாச் சட்டம். விலாவை வெட்டக் கூடாது. பூட்டுக் கொக்கிக்கும் கீல்களுக்கும் அருகில் போகவும் கூடாது. ஒரு பெரிய ஓட்டையைவிட, விலாக்களுக்கு இடையே அமையும் இரண்டு சிறிய ஓட்டைகள் நல்லவை.

நான்காம் படியில் கிடைத்த இடத்துக்கு நேர் கீழே ஃப்யூஸ் பாக்ஸோ, ஆல்டர்னேட்டரோ, இக்னிஷன் காயிலோ, கன்ட்ரோல் யூனிட்டோ இருந்தால் இடத்தை ஒரு விலா தள்ளிப் போடவும். சூடு குறைந்து ஷார்ட் ஆவதில் யாருக்கும் லாபமில்லை.

உள்ளே எவ்வளவு உயர இடம் இருக்கிறது என்று அறிய, பிசைந்த கோதுமை மாவை உருண்டையாக்கி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, என்ஜினின் உயர்ந்த இடங்களில் வைத்துப் பானெட்டை மெதுவாக மூடித் திறக்கவும். நசுங்கிய உருண்டையின் தடிமனே உங்கள் இடைவெளி. என்ஜின் தன் மவுண்ட்டில் ஆடும் என்பதால், எட்டாம் படியில் வரும் நீர்த்தட்டைப் பொருத்திய பிறகும் குறைந்தது 20 மி.மீ. மிஞ்ச வேண்டும்.

பிறகு சார்ட் பேப்பரில் ஸ்கூப்பின் அடிவடிவை வெட்டி ஒட்டி, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பார்க்கவும். அட்டையில் உயரமும் கொடுத்துப் பார்ப்பது நல்லது. முன்னே குறுக்கிடும் சைக்கிள்காரரை மறைக்கும் ஸ்கூப் வேண்டாம்.

7. வெட்டுதலும் துருத் தடுப்பும்

பானெட்டைக் கழற்றி, துணி விரித்த மேசையில் வைத்து வெட்டவும். வண்டியில் வைத்தே வெட்டினால் இரும்புத்தூள் ஆல்டர்னேட்டருக்குள்ளும் பெல்ட்டுக்குள்ளும் போகும். அடியில் உள்ள வெப்பத்தடுப்பு மெத்தையை முதலில் எடுத்துவிட்டு, பிறகு தனியாக வெட்டி, ஓரங்களை அலுமினிய டேப்பால் மூட வேண்டும்; மூடாவிட்டால் பிரிந்த நார்கள் விசிறியில் சுற்றும்.

டிங்கரிங் பட்டறைகளில் கை உடனே கிரைண்டருக்குத்தான் போகும். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். கிரைண்டரின் சூடு விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பெயிண்டை எரிக்கும். பொறிகள் பக்கத்து வண்டியின் கண்ணாடியில்கூடப் புள்ளியாகப் பதியும். கோட்டின் இருபுறமும் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, நான்கு மூலைகளிலும் வட்டத் துளை போட்டு, துளைகளை இணைத்து ஜிக்சாவில் வெட்டவும். கூர்மூலை விட்டால் அதிர்வில் அங்கிருந்தே விரிசல் ஓடும். ஸ்கூப்பின் அடிவடிவைவிட ஓட்டை எல்லாப் பக்கமும் 15 மி.மீ. சிறியதாக இருக்கட்டும், பெரிதாக்குவது எப்போதும் முடியும்.

அரம் போட்ட கையோடு, அதே நாளில், எபாக்ஸி பிரைமர் இரண்டு கை அடித்துவிட வேண்டும். காசிமேட்டுக் கடற்காற்று வெறும் இரும்புக்கு ஓர் இரவு அவகாசம்கூடத் தருவதில்லை. பட்டி போட வேண்டியிருந்தால் பிரைமருக்கு மேல் போடவும். பட்டி ஈரத்தை உறிஞ்சும் என்பதால் வெறும் தகட்டில் போட்டால் அடியில் துரு வளரும்.

8. நீர்த்தட்டு

அனுபவத்தில் நான் கண்ட புகார்களில் பாதி இந்த ஒன்றைச் செய்யாததால் வந்தவை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. நிறுத்தி வைத்த வண்டியின் மேல் இரவெல்லாம் கொட்டும். பின்வாய் ஸ்கூப் ஓடும்போது மழையை ஓரளவு தடுக்கும், நிற்கும்போது தடுக்காது.

ஓட்டைக்குக் கீழே, அதைவிட ஒவ்வொரு பக்கமும் இரண்டு விரல் அகலமாக, ஓரம் மடித்த அலுமினியத் தட்டு ஒன்றைத் தொங்கவிடவும். தட்டுக்கும் பானெட்டுக்கும் இடையில் பக்கவாட்டில் காற்று புகுந்து போக இடம் விட வேண்டும். அந்த இடத்தின் மொத்தப் பரப்பு ஓட்டையின் பரப்பைவிடக் குறைந்தால் ஸ்கூப்பின் தொண்டையை நீங்களே நெரித்ததாகும். தட்டைப் பின்புறம் சற்றுச் சாய்த்து, தாழ்ந்த மூலையில் 10 மி.மீ. குழாய் வைத்து, ஒயரும் பெல்ட்டும் இல்லாத பக்கமாகக் கீழே இறக்கவும். அந்தக் குழாய் எக்ஸாஸ்ட்டின் மேல் சொட்டாமல் இருக்க வேண்டும்.

ஓட்டையில் துருப்பிடிக்காத எஃகு வலை, கண் 4 அல்லது 5 மி.மீ. போதும். அதைவிட நெருக்கமான வலை சாம்பலில் அடைபடும். அகலமானது புங்க இலையை உள்ளே விடும்.

9. பொருத்துதல்

ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இளகத் தொடங்கும். டர்போவுக்கோ மேனிஃபோல்டுக்கோ நேர் மேலே அதை வைக்கக் கூடாது. அங்கே ஃபைபர் அல்லது தகடு. ஃபைபரைப் பானெட்டோடு பட்டி வைத்து ஒன்றாக இழைத்துவிடும்படி கேட்பவர்கள் உண்டு. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இரும்பும் ஃபைபரும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் இணைப்பில் விரைவிலேயே கோடு விழும். மெல்லிய ரப்பர் கேஸ்கட் வைத்துத் திருகில் பொருத்துவதே நிலைக்கும்.

அலுமினிய ரிவெட்டைக் கடலோரத்தில் இரும்புத் தகட்டில் அடிக்கக் கூடாது. உப்பு ஈரத்தில் இரு உலோகங்களும் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும், அதுவும் சின்ன ரிவெட் பெரிய தகட்டுக்காகச் சீக்கிரமே கரையும். துருப்பிடிக்காத எஃகுத் திருகும், ரப்பர் வாஷரும், ஒவ்வொரு துளையிலும் பிரைமரும் போதும். பானெட்டை மாட்டிய பிறகு, பூட்டு முதல் கொக்கியிலும் இரண்டாம் கொக்கியிலும் சரியாகப் பிடிக்கிறதா என்று சோதிக்காமல் தெருவுக்குக் கொண்டு போகாதீர்கள்.

10. மீண்டும் அளத்தல்

மூன்றாம் படியை அதே சாலையில், அதே நேரத்தில், அதே நான்கு இடங்களில் திரும்பச் செய்யவும். பேட்டரி அருகிலும் பானெட்டின் அடியிலும் அணைத்த பிறகான அளவு குறைந்திருக்க வேண்டும். கூலன்ட் முள்ளில் மாற்றம் தெரியாவிட்டால் ஏமாற்றம் வேண்டாம். தெர்மோஸ்டாட் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். ஏர் ஃபில்டர் வாயில் வெப்பம் கூடியிருந்தால், காற்றின் பாதை திரும்பி அந்தப் பக்கம் சூட்டைக் கொண்டு வருகிறது. நீர்த்தட்டின் அந்த ஓரத்தை மட்டும் அடைத்துப் பார்க்கவும்.

பிறகு ஒரு வாளித் தண்ணீரை ஸ்கூப்பின் மேல் மெதுவாக ஊற்றி, பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கவும். வடிகுழாயிலிருந்து மட்டுமே நீர் சொட்ட வேண்டும். முதல் பெருமழைக்கு மறுநாள் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் இதையே மீண்டும் பாருங்கள். வலையில் ஒட்டிய இலையையும் குழாய் முனையில் சேர்ந்த சாம்பல் சேற்றையும் அப்போதே எடுத்துவிடலாம்.